டிரைவர் எப்போது தூங்குவார்?

குலதெய்வக் கோயிலுக்கோ, வெளியூர் முகூர்த்தத்துக்கோ, அறுபடை வீட்டுக்கோ ஒரு கூட்டமாகப் போவதென்று முடிவானதும் யாராவது ஒருவர் தலையில் வண்டி பேசும் பொறுப்பு விழுகிறது. அவரும் நாலைந்து டிராவல்ஸுக்குப் போன் போடுகிறார். நாள் வாடகை என்ன, கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஏசி உண்டா, புஷ்பேக் சீட்டா என்றெல்லாம் விசாரிக்கிறார். யார் குறைத்துச் சொன்னாரோ அவருக்கு அட்வான்ஸ் போய்ச் சேர்கிறது. எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய ஒன்று பெரும்பாலும் யார் வாயிலும் வருவதில்லை: இந்தப் பயணத்தில் டிரைவர் எப்போது, எங்கே, எத்தனை மணி நேரம் தூங்குவார்? அதற்கு விடை தெரிந்த பிறகே வாடகையைப் பேச முடியும் என்பது என் கருத்து. எத்தனை நாள், எத்தனை டிரைவர், எந்த வழி, எங்கே தங்கல் என்பதெல்லாம் அந்த விடையைப் பொறுத்தே அமைகின்றன. வாடகைத் தொகையும் அப்படித்தான்.

இது வண்டிக்காரர் கவலை, நமக்கென்ன என்று தோன்றலாம். வழித்தடப் பேருந்தில் ஏறுகிறவர் அப்படி நினைப்பதில் தவறே இல்லை. அங்கே எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எந்த ஊரில் டிரைவர் மாற வேண்டும் என்பதைப் போக்குவரத்துக் கழகம் எழுதி வைத்திருக்கிறது. நாம் பேசி எடுக்கும் வண்டி வேறு வகை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதை ஒப்பந்த ஊர்தி என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு ஒப்பந்தத்தின் பேரில் முழு வண்டியும் ஒரு குழுவுக்காக ஓடும்; வழியில் வேறு ஆளை ஏற்றி இறக்கக் கூடாது. அப்படியானால் இந்த வண்டிக்குக் கால அட்டவணை எழுதுவது யார்? வண்டி பேசுகிறவர்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம், விடியும்போது சுவாமிமலையில் இருக்க வேண்டும், திங்கட்கிழமை காலை எல்லோரும் வேலைக்குப் போக வேண்டும் என்று அவர் சொல்லும் மூன்று வாக்கியங்களில் டிரைவரின் மூன்று நாள் உழைப்பும் உறக்கமும் தீர்மானமாகிவிடுகின்றன.

கணக்கிட்டுப் பார்க்கலாம். சென்னையில் புறப்பட்டு, திருத்தணி, சுவாமிமலை, திருச்செந்தூர், திருப்பரங்குன்றம், பழமுதிர்சோலை, பழனி என்று சுற்றித் திரும்பினால் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் வரும். நான்குவழிச் சாலையில் வண்டி எண்பதில் போகலாம். ஆனால் ஊர்களைக் கடப்பது, சுங்கச்சாவடி, டீக்கடை எல்லாம் சேர்ந்தால் பெரிய பேருந்துக்குச் சராசரி வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே நியாயம். அதன்படி ஸ்டீயரிங் பிடிக்கும் நேரம் மட்டும் 33 மணி. வெள்ளி இரவு 9 மணியிலிருந்து திங்கள் காலை 6 மணி வரை மொத்தம் இருப்பதே 57 மணி நேரம். மீதி 24 மணி நேரத்தில் ஆறு கோயில் வரிசை, குளியல், சாப்பாடு எல்லாம் முடிய வேண்டும். அந்த நேரமெல்லாம் டிரைவருக்கு ஓய்வாகவும் இருந்துவிடாது. பார்க்கிங்கில் இடம் பிடிப்பது, வண்டியை நகர்த்தச் சொன்னால் நகர்த்துவது, டீசல் போடுவது, டயர் பார்ப்பது எல்லாம் அதற்குள் வருகின்றன. 1961-இல் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வைத்த அளவு நாளுக்கு எட்டு மணி நேர வேலை. தொலைதூரப் பயணங்களுக்கு அதிகபட்சம் பத்து. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, குறைந்தது அரை மணி நேரமாவது இடைவேளை தர வேண்டும் என்றும் அது சொன்னது. அந்த அளவுகோலில் 33 மணி நேரத்தை ஒரே டிரைவர் ஓட்ட நான்கு நாள் வேண்டும். இரண்டு நாள் மூன்று இரவுக்குள் அதை அடைத்து, ஒற்றை டிரைவரை வைத்துப் பேசி முடிக்கிறோம். அதையும் நல்ல விலைக்கு முடித்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

இந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தூரத்தில் தேட வேண்டாம். 2022 அக்டோபர் 5-ஆம் தேதி இரவு, கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே, எர்ணாகுளம் பக்கத்திலிருந்து ஊட்டிக்குப் பள்ளி மாணவர்களை ஏற்றிச் சென்ற சுற்றுலாப் பேருந்து, முன்னால் போன அரசுப் பேருந்தின் பின்புறம் மோதிக் கவிழ்ந்தது. மாணவர்கள், ஆசிரியர், அரசுப் பேருந்துப் பயணிகள் என்று ஒன்பது பேர் இறந்தார்கள். வண்டி மணிக்கு 97 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது ஜிபிஎஸ் பதிவில் தெரிந்தது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் கைவைத்திருந்ததையும் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். வேளாங்கண்ணிக்கு ஒரு சவாரி போய்த் திரும்பிய கையோடு டிரைவர் இந்தப் பயணத்துக்கு வந்தார் என்று அப்போது செய்திகள் வெளியாயின. இத்தனைக்கும் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பள்ளிச் சுற்றுலா வண்டிகள் ஓடக் கூடாது என்ற அறிவுறுத்தல் கேரளக் கல்வித் துறையிடமிருந்து முன்பே இருந்தது. கருவியில் கைவைத்த குற்றம் வண்டிக்காரர்களுடையது. ஆனால் மாலையில் புறப்பட்டு இரவெல்லாம் ஓடி ஊட்டியில் விடிய வேண்டும் என்ற திட்டம் எங்கிருந்து வந்தது? அதைப் போட்டவர்கள் வண்டி பேசியவர்கள். முந்தின நாள் இந்த டிரைவர் எங்கே இருந்தார் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே கேட்டிருந்தால், அந்தப் பயணத்துக்கு வேறொரு டிரைவரோ வேறொரு தேதியோ கிடைத்திருக்கும்.

“எனக்கு இதெல்லாம் பழக்கம் சார், நீங்க நிம்மதியா தூங்குங்க” என்று டிரைவரே சொல்லும்போது நாம் என்ன செய்வது என்று கேட்பார்கள். அவரால் வேறு எதுவும் சொல்ல முடியாது. சவாரிக்கு இத்தனை என்று கூலியும் பேட்டாவும் வாங்குகிறவர், முடியாது என்றால் அடுத்த சவாரி இன்னொருவருக்குப் போய்விடும். அவர் மனதாரச் சொன்னாலும் அதை நம்ப முடியாததற்கு இன்னொரு காரணம் உடலில் இருக்கிறது. 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் ‘நேச்சர்’ இதழில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கண்ணும் கையும் ஒருங்கே இயங்கும் திறன், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவர்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. இந்தியாவில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் வைத்த எல்லை 30 மில்லிகிராம். காலை ஆறு மணிக்கு எழுந்து, பகலெல்லாம் ஷெட்டில் வேலை பார்த்து, இரவு 9 மணிக்கு நம்மை ஏற்றிக்கொள்கிற டிரைவர் 11 மணிக்கு அந்த நிலையை எட்டிவிடுகிறார். அதற்குப் பிறகுதான் அதிகாலை இரண்டிலிருந்து ஐந்து வரை, உடல் தானாகவே உறக்கத்துக்கு இறங்கும் நேரம் வருகிறது. குடித்துவிட்டு வருகிற டிரைவரை வண்டியில் ஏற ஒருவரும் விடமாட்டோம். தூங்காமல் வருகிறவருக்கு டீ வாங்கிக் கொடுத்து ஓட்டச் சொல்கிறோம்.

இரவுப் பயணத்துக்குச் சொல்லப்படும் நியாயங்களைத் தள்ளிவிட முடியாது. வெயில் இல்லை, நெரிசல் இல்லை, குழந்தைகள் தூங்கிவிடுகின்றன. அதைவிட முக்கியம், ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகை மிச்சம். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர விடுமுறையே இல்லாதவர்களுக்கு இரவு என்பது கூடுதலாகக் கிடைக்கும் ஒரு நாள். ஐம்பது பேருக்கு அறை போட முடியாத குடும்பங்கள்தாம் இப்படிச் சேர்ந்து போகவே போகின்றன. அவர்களிடம் போய் இரவில் பயணமே கூடாது என்று சொல்வது எளிது. அதைக் கேட்டு அவர்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இரவில் ஓடியே ஆகவேண்டுமென்றால் இரண்டு டிரைவர் என்று பேசுங்கள் என்பதுதான் அவர்களுக்குப் பயன்படும் பதில். கிளீனரையே இரண்டாவது டிரைவராகக் கணக்குக் காட்டும் வழக்கம் உண்டு. இருவரிடமும் பேருந்து ஓட்டும் லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது டிரைவருக்குச் சம்பளமும் பேட்டாவுமாக நாளுக்கு 2,000 ரூபாய் ஆகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஐம்பது பேர் பகிர்ந்தால் தலைக்கு 40 ரூபாய், மூன்று நாளைக்கு 120. பிரசாதக் கடையில் இதைவிட அதிகம் செலவாகும். அந்தத் தொகையும் முடியாதென்றால் இன்னொரு வழி: இரவு 9 மணிக்குப் பதில், டிரைவர் நம் ஊரிலேயே முழு இரவும் தூங்கி எழுந்த பிறகு அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்புவது. ஒரு கோயில் குறையும், செலவு கூடாது.

வாடகைப் பேச்சிலேயே டிரைவரின் உறக்கத்தைத் தின்னும் இடங்கள் ஒளிந்திருக்கின்றன. நாள் கணக்கில் பேசினால் நாள் என்பது நள்ளிரவு 12 மணியோடு முடிகிறதா, கிளம்பிய நேரத்திலிருந்து 24 மணி நேரமா என்று முதலிலேயே கேட்க வேண்டும். நள்ளிரவோடு முடிகிறது என்றால், 12 மணிக்குள் ஷெட்டுக்குப் போய்ச் சேர, கடைசி நூறு கிலோமீட்டரில் வண்டி பறக்கும். கிலோமீட்டர் கணக்கென்றால் ஷெட்டிலிருந்து ஷெட் வரை எண்ணுவார்கள். ஷெட் 40 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அதற்கும் நாம்தான் பணம் கொடுக்கிறோம். டிரைவரின் வேலை நேரமும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. டோல், பார்க்கிங், வெளிமாநில வரி எல்லாம் யார் தலையில் என்பதை எழுதி வாங்கிக்கொண்டால் போதும்.

ஆர்.டி.ஓ. எதற்கு இருக்கிறார், எல்லாவற்றையும் பயணிகளே பார்க்க வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. சட்டப்படி பொறுப்பு உரிமையாளருடையதுதான். ஆனால் வாட்ஸப்பில் படம் காட்டிய வண்டி ஒன்றாகவும், வாசலில் வந்து நிற்பது வேறாகவும் இருப்பது இடைத்தரகர்கள் மூலம் பேசும்போது சாதாரணமாக நடக்கிறது. ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டி நம்பரை வாங்கிவிட வேண்டும். எம்பரிவாகன் செயலியில் அந்த நம்பரைப் போட்டால் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், பெர்மிட் எதுவரை இருக்கிறது என்று தெரிந்துவிடும். எட்டு வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். வாடகைக்கு ஓடுவது மஞ்சள் நம்பர் பலகை வண்டியாகத்தான் இருக்க வேண்டும். தெரிந்தவர் வண்டி, வாடகை குறைவு என்று வெள்ளைப் பலகை வேனை எடுத்தால், விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது காசு வாங்கிக்கொண்டு ஓட்டினீர்களா என்பதைத்தான். பள்ளிப் பேருந்தைக் கல்யாணத்துக்கு எடுப்பதிலும் இதே சிக்கல். அதற்குக் கொடுத்திருப்பது மாணவர்களை ஏற்றும் அனுமதி. சுற்றுலா பெர்மிட் வண்டியில் பயணிகள் பட்டியல் எப்போதும் இருக்க வேண்டும் என்பது விதி. பெயர், வயது, ஏறும் இடம், ரத்தப் பிரிவு, வீட்டு போன் நம்பர் எல்லாம் எழுதி ஒரு பிரதியை ஊரில் கொடுத்துவிட்டுப் போவது நல்லது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போவதென்றால், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். நீளமான பேருந்து அங்கே ஆகாது, சின்ன வண்டியாகப் பேசுங்கள்.

சமையல்காரரையும் கேஸ் சிலிண்டரையும் கூட்டிப்போகும் வழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 26-ஆம் தேதி அதிகாலை மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து ஆன்மிகப் பயணம் வந்தவர்கள் முழுப் பெட்டியையும் பதிவு செய்து, விதிக்கு மாறாக உள்ளே சிலிண்டர் ஏற்றியிருந்தார்கள். பேருந்தில் டிக்கியில் சிலிண்டரும் மேலே ஐம்பது பேரும் என்றால் ஆபத்து எந்த விதத்திலும் குறைவில்லை. சமையல் பண்டங்களை ஏற்றிக்கொண்டு, அடுப்பையும் சிலிண்டரையும் தங்கும் மண்டபத்திலேயே வாடகைக்குக் கேட்டு வாங்குங்கள்.

டிரைவர் தூங்க இடம் கொடுப்பது என்றால் என்ன என்று யாரும் விளக்கிச் சொல்வதில்லை. நம் கோயில்கள் பலவற்றில் பகல் பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தி, நான்கு மணி வாக்கில் திறக்கிறார்கள். கும்பகோணத்தைச் சுற்றி நவக்கிரகக் கோயில்களுக்குப் போகிறவர்களுக்கு இந்த நாலு மணி நேரம் வீணாகப் போவதாகத் தோன்றும். டிரைவருக்கு அதுதான் அன்றைய ஒரே வாய்ப்பு. ஆனால் வண்டி வெயிலில் நிற்கிறது. என்ஜினை நிறுத்தினால் ஏசி இல்லை. பின் சீட்டில் துண்டை விரித்துப் படுத்தால், பத்து நிமிஷத்துக்கு ஒருவர் வந்து டிக்கியைத் திறக்கச் சொல்கிறார், சார்ஜரை எடுத்துப் போகிறார், குழந்தைக்கு மருந்து தேடுகிறார். கண் மூடினார் என்ற பேருக்கு மூடியிருப்பார். அங்கே தங்கும் மண்டபத்தில் அவருக்கும் கிளீனருக்கும் மின்விசிறியோடு ஒரு அறை போட்டு, நடை திறக்கும் வரை வண்டியைப் பூட்டி, சாவியைக் குழுவில் ஒருவர் வைத்துக்கொண்டால் போதும். பதிவு செய்யும்போதே இந்த அறையையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். அங்கே போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது நடப்பதில்லை.

கடைசியாக, தாமதம். எந்தக் கூட்டுப் பயணமும் திட்டப்படி ஓடுவதில்லை. திருச்செந்தூர் வரிசையில் மூன்று மணி நேரம் கூடுதலாகிவிடும். ஒருவர் கடைத்தெருவில் காணாமல் போவார். அந்த மூன்று மணி நேரத்தை எங்கே ஈடுகட்டுவது என்ற கேள்வி வந்ததும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றுவது வேகமும் இரவும்தான். டிரைவரின் உறக்க நேரத்திலிருந்துதான் அது எடுக்கப்படும். அப்போது வண்டிக்குள் நின்று பேசி, விட்டுக்கொடுக்கும்படி ஐம்பது பேரைச் சம்மதிக்க வைக்க யாராலும் முடியாது. பழனியைப் பார்க்காமல் போனால் எப்படி என்று வயதானவர்கள் வருத்தப்படத்தான் செய்வார்கள். அதனால் தாமதமானால் எந்த இடத்தை விடுவது என்பதைப் பணம் வசூலிக்கும் நாளிலேயே எல்லோரிடமும் சொல்லி ஒப்புதல் வாங்கி, வழித்திட்டத் தாளில் அந்த ஊருக்குப் பக்கத்தில் ‘நேரம் இருந்தால் மட்டும்’ என்று எழுதி, டிரைவருக்கும் உரிமையாளருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட வேண்டும். அந்தத் தாளைப் பார்த்து அவர்கள் சொல்லும் வாடகைதான் பேசத் தகுந்த வாடகை.