பழைய குட்டிக் கணினியும் பயன்படும்

2008-இல் வெளிவந்த ஏசர் அஸ்பயர் ஒன் போன்ற குட்டி மடிக்கணினி வீட்டில் கிடந்தால் குப்பையில் போடாதீர்கள். பலவற்றில் உள்ள விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014-இல் நின்றுவிட்டன. இணையத்தில் இணைப்பது ஆபத்து. நான் அதில் ஆன்டிஎக்ஸ் 23 எனும் இலவச லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். 1 ஜிபி நினைவகமே அதற்குப் போதும்.

முக்கியமாக, 32 பிட் பதிப்பையே பதிவிறக்குங்கள். இக்கணினியின் ஆட்டம் என்270 சில்லில் 64 பிட் பதிப்பு இயங்காது. கோப்பைப் பென்டிரைவில் வெறுமனே நகலெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ் போன்ற மென்பொருளால் எழுத வேண்டும். நிறுவுமுன் பென்டிரைவிலிருந்தே இயக்கி, வைஃபை கிடைக்கிறதா என்று பார்க்கலாம். அதுவரை உள்ளிருப்பது எதுவும் அழியாது. வன்தட்டு முழுவதிலும் நிறுவினாலோ எல்லாம் போய்விடும்! பேரப்பிள்ளைகளின் படங்கள், பழைய கணக்குகள் யாவற்றையும் முதலில் வேறிடத்தில் சேமியுங்கள்.

யூடியூப் காணொளி திணறத்தான் செய்யும். கடிதம் தட்டச்சு செய்யவும் கணக்கு எழுதவும் தாராளமாகப் போதும்.