ஓர் அணு கனமுள்ள உறை

எலெக்ட்ரான் நுண்ணோக்கி அணுக்களையே பிரத்தியட்சமாகக் காட்டவல்ல யந்திரம். ஆயினும் அதன் உட்புறம் காற்றெல்லாம் அகற்றப்பட்ட வெற்றிடமாக இருந்தாக வேண்டுமாகையால், ஈரமான பதார்த்தம் எதையும் உள்ளே வைத்த மாத்திரத்தில் அதன் திரவம் ஆவியாகிப் போய்விடும். ஆகவே, திரவத்திலே பிறந்து திரவத்திலேயே வளர்கின்ற நானோ துகள்களை, அவை வளர்ந்து ஓய்ந்து உலர்ந்த பின்னரே விஞ்ஞானிகள் நெடுங்காலம் காண நேர்ந்தது. சிலிக்கான் நைட்ரைடு ஜன்னல்களுக்கு நடுவே திரவத்தை அடைத்துப் பார்க்கும் முறையும் வந்தது. ஆனால் பல பத்து நானோமீட்டர் கனமுள்ள அந்த ஜன்னல்களே எலெக்ட்ரான்களைச் சிதறடித்து உருவத்தை மங்கச் செய்தன.

2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லியில் அலிவிசாட்டோஸ், ஜெட்டல் முதலானோர் அடங்கிய ஆய்வுக்குழு ஜன்னலையே கிராஃபீனாக மாற்றியது. 2004-இல் மான்செஸ்டரில் கெய்மும் நொவோசெலொவும் பென்சில் கரியினின்று பிரித்துக் காட்டிய கிராஃபீன், ஒரே அடுக்குக் கரியணுக்களாலான ஏடு, கனமோ 0.34 நானோமீட்டர்தான். கார்பன் அணுக்கள் அறுகோணங்களாகக் கைகோத்து நிற்கும் அந்த நெசவில், வாயுக்களுள் மிக நுண்ணிய ஹீலியமும் புகமுடியாதென்று 2008-இல் கார்னெல் சர்வகலாசாலையில் பரீட்சித்துக் கண்டிருந்தார்கள். எலெக்ட்ரானுக்குத் திறந்த கதவாகவும் திரவத்துக்கு அடைத்த கதவாகவும் ஒரே பொருள் அமைவது எத்துணை அபூர்வம்!

இரண்டு கிராஃபீன் ஏடுகளுக்கிடையே பிளாட்டினச் சேர்மம் கரைந்த துளியைப் பெர்க்லி குழுவினர் வைத்தார்கள். ஏடுகள் தம்முள் உள்ள இயல்பான கவர்ச்சியால் ஒட்டிக்கொள்ள, இடையே சிக்கிய திரவம் அப்பளத்தில் எழும் கொப்புளம்போல ஆங்காங்கே சின்னஞ்சிறு பைகளாகத் தங்கியது. நுண்ணோக்கியின் எலெக்ட்ரான் கற்றையே அச்சேர்மத்தைச் சிதைத்துப் பிளாட்டினத்தை விடுவிக்க, துகள்கள் தோன்றி, அணு அணுவாகப் பருத்து, சில சமயம் இரண்டு துகள்கள் அணுகி, எந்த இடமும் சம்மதமென்றில்லாமல் குறித்த முகங்களிலே பொருந்தி இணைந்து, நீண்ட உருவம் திருந்தித் தெளிவான முகப்புகளைப் பெறுவது வரையில் எல்லாம் கண்முன்னே நிகழ்ந்தன. விளைவை மட்டும் பார்த்துக் காரணத்தை ஊகித்துவந்த ரசாயனத்துக்கு இது பெரும் பேறு என்றே நான் கருதுகிறேன்.

எனினும் காணும் கற்றையே காணப்படும் பொருளை மாற்றவும் செய்கிறது. நீர்க்கரைசலாயின், அது நீரைப் பிளந்து புதிய வஸ்துக்களை உண்டாக்கிவிடும். ஆதலால் திரையில் கண்டதெல்லாம் குடுவையில் நடப்பதற்குச் சமானம் என்று எவரும் அவசரப்பட்டுச் சாதிக்கலாகாது.

2015-இல் மற்றொரு முன்னேற்றம் கிட்டியது. உறைக்குள் மிதக்கும் பிளாட்டினத் துகள் தானாகவே உருண்டு புரளுமல்லவா? அப்புரளலின்போது எடுத்த எண்ணற்ற படங்களை, ஒவ்வொன்றும் எந்தக் கோணத்தில் விழுந்ததென்று கணித்துச் சேர்த்து, அத்துகளின் முப்பரிமாண அமைப்பையே, ஏறக்குறைய அணுக்கள் புலப்படும் நுட்பத்துடன், ஆய்வாளர்கள் உருவாக்கிவிட்டார்கள்.