கூடிப் பேசினால் உண்மை வருமா?

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் உள்ள பாலராமபுரத்தை நம்மவர் நன்கு அறிவர். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர்களே இங்கு நெசவை வேரூன்றச் செய்தனர். அவர்களது கைத்தறித் துணி இன்று புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. ஆயினும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் தறியில் உட்கார விரும்புவதில்லை. காரணம் என்ன?

எத்தனை பேர் தறியை விட்டார்கள் என்பதை வீடு வீடாகக் கணக்கெடுத்து அறியலாம். ஏன் விட்டார்கள் என்பதை அறிய உதவுவது ‘ஃபோகஸ் குரூப்’ எனப்படும் குழுக் கலந்துரையாடல். வானொலி நிகழ்ச்சிகளைக் கேட்டவர்களை ஒன்றாக அமர்த்தி, எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று 1940-களில் அமெரிக்காவில் துருவிக் கேட்ட சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனின் ஆய்விலிருந்து வளர்ந்த முறை இது.

இதில் முதல் வேலை, யாரை யாரோடு உட்கார வைப்பது என்பதுதான். நூல் கொடுக்கும் முதலாளி எதிரே இருந்தால், கூலிக்கு நெய்பவர் “எல்லாம் நல்லாத்தான் போகுது” என்பார். ஆண்கள் பேசும் கூட்டத்தில் தார் சுற்றும் பெண்கள் வாய் திறக்கமாட்டார்கள். ஆகவே கூலி நெசவாளர், பெண்கள், தறியை விட்டுப்போன இளைஞர், முதலாளிகள் எனத் தனித்தனியே ஆறு முதல் பத்துப் பேர் வரை கூட்ட வேண்டும். ஒவ்வொரு வகையிலும் ஒரு கூட்டத்தோடு நிறுத்தக்கூடாது. புதிய செய்தி வருவது நிற்கும் வரை தொடர வேண்டும்.

முதலாளி வீட்டுத் திண்ணை இதற்கு ஏற்ற இடமன்று. ஓணத்துக்கு முந்தைய நாட்களும் ஏற்றவை அல்ல. அப்போதுதான் தறிக்கு ஓய்விராது. ஒன்றரை மணி நேரம் பேச வருபவர் அந்நேரக் கூலியை இழக்கிறார். அதை ஈடுசெய்வதே முறை.

கேள்விகள் ஐந்தாறு போதும். “கூலி போதுமா?” என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும். “நேற்றைய வேலை எப்படிப் போயிற்று?” என்று கேட்டால் கதை வரும். நடத்துபவர் குறைவாகப் பேச வேண்டும். அதிகம் பேசுபவரை மெல்ல நிறுத்தி, மௌனமாக இருப்பவரை அழைக்க வேண்டும். குறிப்பெடுக்க வேறொருவர் வேண்டும். ஒலிப்பதிவு செய்வதாயின் முன்கூட்டியே சம்மதம் பெற வேண்டும். மலையாளம் கலந்த அவர்களது தமிழைத் திருத்தாமல் அப்படியே எழுத வேண்டும். அறிக்கையில் பெயர்கள் வரக்கூடாது.

எட்டுப் பேரில் ஆறு பேர் சொன்னதை ஊரில் முக்கால்வாசிப் பேரின் கருத்தென்று எழுதுவது பெரும்பிழை. இம்முறை காரணத்தைக் காட்டும், கணக்கைக் காட்டாது.

1996-இல் கேரளத்தில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தால், கிராம சபையில் சிறு குழுக்களாகப் பிரிந்து பேசுவது நமக்குப் பழகிய ஒன்று. ஆனால் அங்கே எல்லோரும் கலந்திருப்பர். சொல்லத் தயங்குபவரின் குரலைக் கேட்கத் தனியே ஓர் இடம் வேண்டும். பேசியவர்களிடமே முடிவைப் படித்துக் காட்டிய பிறகுதான் அதை அதிகாரிகளிடம் கொண்டு செல்ல வேண்டும். நம் தெருக்களைப் பற்றி அறிய முனையும் இளைஞர்கள் இதை மனத்திற் கொள்வார்களாக.