நஞ்சு மருந்தாகுமோ?

கருவிலுள்ள மகவுக்குத் தாயின் குருதியினின்று உணவும் உயிர்வளியும் ஊட்டி, மகவு பிறந்தபின் தானும் வெளிப்படும் உறுப்பை நம் முன்னோர் நஞ்சுக்கொடி என்றனர். இளங்கொடி என்னும் இனிய பெயர் இருக்கவும் நஞ்சு என்பதே பெருவழக்காயிற்று. ஏறத்தாழ அரைக் கிலோ நிறையுள்ள இதனை அவித்து உலர்த்திப் பொடித்துக் குளிகையில் அடைத்து, ஈன்றவளே உண்ணும் வழக்கம் இந்நாளில் அமெரிக்காவிற் காணப்படுகின்றது. சோர்வும் மனத்தளர்ச்சியும் நீங்கும், பால் பெருகும் என்பர்.

பசுவும் தன் இளங்கொடியைத் தின்னுமன்றோ என்பது அவர் வாதம். உக்கடம் கடந்து நம் கொங்குச் சிற்றூர்களுட் புகுந்து பாருங்கள். கன்று ஈன்ற பசுவின் வாய்க்கு எட்டாவண்ணம் உழவர் அதனை எடுத்து, வைக்கோலிற் பொதிந்து, ஆலமரத்திற் கட்டிவிடுவர். மரத்தைப்போலப் பசுவும் பால் சொரியுமாம்! அந்நம்பிக்கைக்குச் சான்றில்லை, எனினும் அதனை எவரும் உண்பதில்லை.

குளிகையின் நிலை வேறு. நெவாடா பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட சிற்றாய்வில், தாய்மார் 23 பேருள் ஒரு சாரார்க்கு நஞ்சுக்கொடிக் குளிகையும் மறுசாரார்க்கு மாட்டிறைச்சிக் குளிகையும் தந்தனர். இரும்புச்சத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. ஆரிகன் மாநிலத்தில் 2016-இல் பிறந்த மகவொன்று, கிருமிநோய் தீர்ந்து வீடு சென்ற ஐந்தாம் நாள் மீண்டும் அந்நோயால் மருத்துவமனை புகுந்தது. தாய் உண்ட குளிகையில் அக்கிருமியே இருந்தது. போதிய வெப்பமின்றி உலர்த்தினால் கிருமி சாவதில்லை.

ஈன்றவளுக்கு 180 நாள் வேண்டும் இரும்புச்சத்து மாத்திரையோ, உக்கடத்திற்கு அணித்தேயுள்ள அரசு மருத்துவமனையில் விலையின்றிக் கிடைக்கின்றது.