சுரங்க மண்ணும் உழவு நிலமும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்கும் அரசாங்கக் கம்பெனி 1956-ம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்டது. அங்கு ஒரு டன் கரிக்கு 5 கன மீட்டருக்கு மேல் மண்ணை அகற்ற நேரிடுகிறது. ஆரம்பத்தில் அம்மண் வெளியே மேடாகக் கொட்டப்படும். கரி எடுத்த பள்ளம் உண்டானபின் அதிலேயே இட்டு நிரப்பப்படும்.

ஆழத்திலிருந்து வந்த இம்மண் பயிர்மண் அன்று. மக்கும் தழைச்சத்தும் அதில் மிகக் குறைவு. மழையில் கரைந்து வாய்க்காலையும் ஏரியையும் தூர்த்துவிடும். ஆகையால் மேட்டைப் படிப்படியாகச் சரித்து, அடியில் வடிகாலும் வண்டல் தேங்கும் குழியும் அமைத்து, சரிவில் புல்லும் மரமும் வளர்த்தல் வேண்டும். நிரப்பிய நிலத்தைச் சமன்செய்து, தொழு உரமிட்டு, தக்கைப்பூண்டு, சணப்பு முதலியவற்றை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழவேண்டும். இவ்வாறு சில வருஷங்கள் செய்துவர, நிலம் பயிருக்கு ஏற்றதாகும்.

இச்சிரமம் குறையச் சிறந்த வழி, தோண்டுமுன் மேல்மண்ணைத் தனியே எடுத்துவைத்து இறுதியில் பரப்புவதாகும். ஒரு அங்குல மேல்மண் உண்டாகப் பல நூற்றாண்டுகள் செல்லும். தொழிற்சாலைகளுக்காக நிலம் தோண்டப்படும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும், மேல்மண் அடிமண்ணோடு கலந்து வீணாகாதபடி முன்னதாகவே கவனிப்பது நலம்.