சாபுவின் தட்டில் 108 சப்பாத்தி

சித்திரக்கதை படிக்கும்போது நாம் சண்டைக் காட்சிகளில் நின்று விடுகிறோம். உணவுக் காட்சிகளை விரைந்து புரட்டி விடுகிறோம். ஆனால், ஒரு பாத்திரம் மற்றொன்றின் மீது கொண்டுள்ள அன்பும் மதிப்பும் பெரும்பாலும் உணவுக் காட்சியிலேதான் வெளிப்படுகின்றன. யார் சமைக்கிறார்? யார் உண்கிறார்? யாருக்கு இடம் மறுக்கப்படுகிறது? இவ்வினாக்களோடு நீங்கள் அறிந்த இரண்டு சித்திரக்கதைகளைக் காண்போம்.

ஓவியர் பிராண், 'லோட்போட்' என்னும் இந்தி இதழுக்காகப் படைத்தவர் சாச்சா சௌத்ரி. 'சாச்சா' என்றால் சித்தப்பா என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவருடைய துணைவன் சாபு வியாழன் கோளிலிருந்து வந்தவன். 15 அடி உயரமுள்ளவன். ஒரு வேளைக்கு 108 சப்பாத்தியும் 20 லிட்டர் லஸ்ஸியும் அவனுக்கு வேண்டும். அவன் ஏன் தன் கோளுக்குத் திரும்பவில்லை? பூமியில் பொன்னோ பதவியோ கிடைத்ததனால் அன்று. சாச்சியின் கையால் செய்த பராட்டாவையும் அல்வாவையும் சுவைத்ததனால் தங்கிவிட்டான். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இக்காரணம் வேடிக்கையாக மட்டும் தோன்றாது.

உண்ட சோற்றுக்கு நன்றி காட்டுவதைத் தமிழில் 'செஞ்சோற்றுக் கடன்' என்பர். மகாபாரதத்துக் கர்ணன் துரியோதனனுக்காக உயிர் கொடுத்ததை இதற்குச் சான்றாகக் கூறுவர். இந்தி பேசும் உங்கள் நண்பர்கள் இதனையே உப்போடு சேர்த்து 'நமக் ஹலால்' என்பர். சாபு சாச்சாவுக்காகத் திருடர்களைத் தூக்கி எறிவதும் இத்தகைய கடன்தானா? அவ்வாறு தோன்றவில்லை. இதற்குச் சாச்சியின் சிடுசிடுப்பே சான்று. இத்தனை சப்பாத்தி இடுவது எப்படி என்று அவர் அலுத்துக்கொள்வார். ஆயினும் அடுப்பை அணைக்க மாட்டார். விருந்தினரிடம் எவரும் இவ்வாறு அலுத்துக்கொள்வதில்லை. விருந்தினர் கேட்கும் முன்பே இன்முகத்தோடு பரிமாறுவோம், பெற்ற பிள்ளையிடம்தான் "இன்னுமா பசி?" என்று கேட்போம். ஆகவே, அந்த அலுப்பே சாபு அவ்வீட்டுப் பிள்ளையாகிவிட்டான் என்பதற்கு அடையாளம். மதிய இடைவேளையில் உங்கள் டிபன் பெட்டியிலிருந்து கேட்டு எடுப்பவர் யார், கேளாமல் எடுப்பவர் யார் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அவ்வீட்டு நாய் ராக்கெட்டும் புலால் உண்பதில்லை. வீட்டு வழக்கத்தை நாயும் ஏற்றுக்கொண்டது போலும்!

வீட்டுறவு இத்தகையது. நட்புறவைக் காண்பதற்கு 1959ஆம் ஆண்டு பிரான்சில் தோன்றிய ஆஸ்டெரிக்ஸ் கதைகளுக்குச் செல்வோம். கோசினி எழுத, உதெர்சோ வரைந்தவை இவை. சிறிய உருவமுடைய ஆஸ்டெரிக்ஸும் பேருருவமுடைய ஒபெலிக்ஸும் பிரியாத நண்பர்கள். காட்டுப்பன்றி வறுவல் என்றால் ஒபெலிக்ஸுக்கு உயிர். பிரிட்டன் செல்லும் கதையில், பன்றியை வேகவைத்துப் புதினாக் குழம்பில் இட்டிருப்பதைக் கண்டு, பன்றிக்காகவே அவன் இரங்குகிறான். இருவரும் அடிக்கடி சண்டையிடுவர். ஆனால், நண்பன் எத்தனை பன்றி உண்டான் என்று ஆஸ்டெரிக்ஸ் கணக்குக் கேட்பதில்லை. அவன் அஞ்சுவது ஒபெலிக்ஸின் பசியைக் கண்டன்று, பசியின்மையைக் கண்டு. படைவீரர்களாகச் சேரும் கதையில் ஒபெலிக்ஸ் ஒரு பெண்ணின் மீது காதல் கொள்கிறான். உணவில் நாட்டம் போய்விடுகிறது. அவன் வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை. தொடப்படாத உணவே நண்பனுக்குச் செய்தி சொல்லிவிடுகிறது.

மோட்டு, பட்லு இருவரையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். சமோசா உண்ணாமல் மோட்டுவுக்கு மூளை வேலை செய்யாது. பட்லு அதனை அறிந்தவன். எனினும், அக்கதையில் சமோசா பெரும்பாலும் சிரிப்புக்கே பயன்படுகிறது.

ஆஸ்டெரிக்ஸ் கதைகள் வழக்கமாக ஊர் விருந்தோடு முடியும். பழைய மீனை விற்பதாகக் கூறி மீன் வணிகரோடு கொல்லர் மோதுவார். அம்மோதலில் ஊரே கலந்துகொள்ளும். இரவில் அனைவரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்பர். ஒருவருக்கு மட்டும் அங்கே இடமில்லை. ஊர்ப் பாடகரைப் பாடவொட்டாமல் வாயைக் கட்டி, மரத்தருகே விட்டிருப்பர். அப்படத்தைக் கண்டு நாம் சிரிக்கிறோம். ஆயினும், விருந்தின் மகிழ்ச்சியை வரைந்த ஓவியர் அதில் சேர்க்கப்படாதவரையும் மறவாமல் வரைந்திருக்கிறார். அந்தப் பாடகரை இவ்வாறு கட்டுவதில் முன்னிற்பவர் கொல்லர். 1966இல் வெளிவந்த நார்மன்களின் கதையில் நிலைமை மாறுகிறது. அதில் பாடகரின் குரலே ஊருக்குப் பயன்பட்டது. இறுதிப் படத்தில் பாடகர் மேசையில் அமர்ந்து உண்கிறார். கொல்லர் கட்டுண்டு கிடக்கிறார்.