உருகுமா, சிதையுமா? உப்பைச் சூடாக்கினால் என்ன நடக்கும்

சென்னையை அடுத்த அத்திப்பட்டிலிருந்து தெற்கே வல்லூர், மணலி புதுநகர் தாண்டினால் மணலி. அங்கே ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் 37 கன்டெய்னர்களில் 697 டன் அம்மோனியம் நைட்ரேட் பல வருடம் கிடந்தது. 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சரக்கு. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் இதே பொருள் 2,750 டன் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் செத்த பிறகுதான் அந்த 37 கன்டெய்னர்கள் தலைப்புச் செய்தியாயின. ஏலத்தில் விற்றாயிற்று என்று அறிவித்து, சில நாட்களிலேயே லாரி லாரியாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள்.

அம்மோனியம் நைட்ரேட் என்பது ஒரு கனிம உப்பு (அமிலமும் காரமும் சேர்ந்து உண்டாகும் தாதுவகைப் பொருள்). நாம் சாப்பிடும் உப்பும் அப்படித்தான். அப்படியானால் ஒன்று சோற்றில் கிடக்க, இன்னொன்று ஊரை அழிப்பது எப்படி? சூடு பட்டதும் அது என்ன ஆகிறது என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

உருகுவதும் சிதைவதும் ஒன்றில்லையா? இல்லை. உருகினால் பொருள் மாறுவதில்லை. ஆறவிட்டால் பழைய உப்பே திரும்பக் கிடைக்கும். சிதைந்தால் (உடைந்து வேறு பொருட்களாகப் பிரிந்தால்) பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. பெரும்பாலும் வாயு கிளம்பும். அந்த வாயு என்ன, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதுதான் நம் கவலை.

சாப்பாட்டு உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். ஆக, அலுமினியச் சட்டியில் உப்பை உருக்கப் பார்த்தால் சட்டிதான் முதலில் உருகும். பிறகு ஒத்தடத்துக்குக் கல்லுப்பை வறுக்கும்போது படபடவென்று தெறிக்கிறதே என்று கேட்பீர்கள். எண்ணூர்ப் பக்க உப்பளத்தில் விளைந்த கல்லுப்பானாலும், தூத்துக்குடி உப்பானாலும், படிகத்துக்குள் துளித்துளியாக உப்புநீர் மாட்டிக்கொண்டிருக்கும். அது ஆவியாகிப் படிகத்தை உடைக்கும் சத்தம் அது. உப்பு சிதையவில்லை. கண்ணில் தெறிக்காமல் தள்ளி நின்றால் போதும்.

படிகாரம் இன்னொரு வகை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய படிகாரத்தை இரும்புச் சட்டியில் போட்டு மெல்லச் சூடாக்கினால், முதலில் பளபளவென்று இளகித் தண்ணீராக ஓடும். அப்புறம் குமிழி விட்டுக் கொதித்து, பொரி போல உப்பி, வெள்ளையாக, கையில் எடுத்தால் நொறுங்கும்படி நிற்கும். படிகத்திலேயே கட்டுண்டிருந்த தண்ணீர் முதலில் அதைக் கரைத்து, பிறகு ஆவியாகிப் போய்விட்டது. படிகாரத்தின் எடையில் சுமார் 45 சதவீதம் தண்ணீர்தான்.

சமையல் சோடா உருகுவதேயில்லை. சூடு ஏறினால் கரியமில வாயுவையும் நீராவியையும் விட்டுவிட்டுச் சலவை சோடாவாக மாறிவிடும்; எடையில் 37 சதவீதம் குறைந்துபோகும். நவச்சாரம் சூட்டில் இரண்டு வாயுவாகப் பிரிந்து, சோதனைக் குழாயின் மேற்பகுதியில், குளிர்ந்த இடத்தில், மறுபடி சேர்ந்து வெள்ளையாகப் படியும்.

இதையெல்லாம் எப்படிச் சோதிக்கிறார்கள்? பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் உப்பைப் பகுத்தவர்களுக்கு முதல் படி தெரிந்திருக்கும்: உலர்ந்த குழாயில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, வாயை ஆளில்லாத பக்கம் திருப்பிச் சூடாக்குவது. மயில் துத்தம் நீலம் போய் வெளுத்தால், குழாயின் மேல்பக்கம் நீர்த்துளி நின்றால், படிக நீர் வெளியேறிவிட்டது என்று அர்த்தம். செம்பழுப்புப் புகை கிளம்பினால் நைட்ரேட் சிதைகிறது என்று அர்த்தம். அந்தப் புகை விஷம். புகைவெளியேற்றி இல்லாத இடத்தில் இந்தச் சோதனை கூடாது. வீட்டு அடுப்பில் கூடவே கூடாது.

தொழிற்சாலை ஆய்வகத்தில் கருவிகள் உண்டு. ஒன்று, சில மில்லிகிராம் உப்பை நிமிடத்துக்கு 10 டிகிரி என்பது போன்ற சீரான வேகத்தில் சூடாக்கிக்கொண்டே எடை போடும். எடை குறையாமல் இளகினால் உருகுகிறது. எடை குறைந்தால் ஏதோ ஆவியாகவோ வாயுவாகவோ வெளியே போகிறது. இன்னொன்று, உப்பு வெப்பத்தை உள்ளே இழுக்கிறதா, வெளியே விடுகிறதா என்று பார்க்கும். உருகும் பொருள் வெப்பத்தை இழுக்கும். சிதையும்போது ஒரு பொருள் வெப்பத்தைக் கக்கினால், அதைக் கிடங்கில் வைப்பவர் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

அம்மோனியம் நைட்ரேட் 169 டிகிரி அளவில் உருகுகிறது. 210 டிகிரியை ஒட்டி விறுவிறுவெனச் சிதைந்து நைட்ரஸ் ஆக்சைடும் நீராவியும் தருகிறது, வெப்பத்தையும் கக்குகிறது. முற்றிலும் வாயுவாகிவிடும், சாம்பல்கூட மிஞ்சாது. அடைபட்ட இடத்தில் இத்தனை வாயு நொடியில் கிளம்பினால் அதுதான் வெடி.

"அப்போ 200 டிகிரி வரை பயமில்லை" என்று கணக்குப் போட்டீர்களானால் அங்கேதான் ஆபத்து. 210 என்பது ஒரு சிட்டிகைக்கான எண். சிட்டிகையின் சூடு உடனே காற்றில் போய்விடும். டன் கணக்கில் குவித்தால் உள்ளே உண்டாகும் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். அனல்மின் நிலைய நிலக்கரிக் குவியல் தானாகப் புகையத் தொடங்குவது போல. எண்ணெய், மரத்தூள், குளோரைடு உப்பு கலந்துவிட்டால் சிதைவு இன்னும் குறைந்த சூட்டிலேயே தொடங்கும். ஆய்வக அறிக்கையின் ஒற்றை எண்ணை மட்டும் நம்பிக் கிடங்கு நடத்துவது முட்டாள்தனம் என்பேன்.

மணலியில் அத்தனை வருடம் கிடந்தும் ஏன் வெடிக்கவில்லை? வெயில் மட்டும் 169 டிகிரிக்கு ஏற்றாது. ஆனால் வெயிலுக்கு வேறொரு வேலை உண்டு. 32 டிகிரியைத் தாண்டும்போது இந்த உப்பின் படிக அமைப்பு மாறிச் சற்றுப் பருக்கும், குறையும்போது சுருங்கும். நம் ஊரில் இது வருடத்தில் பாதி நாள் நடக்கும். குருணை பொடிந்து, ஈரம் இழுத்து, பாறை போலக் கட்டிதட்டும். ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் 1921-இல் இந்த உப்பு கலந்த உரக் குவியல் இப்படி இறுகிப்போக, வழக்கம்போல வெடிவைத்துத் தளர்த்தினார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

சரக்கு நிலையத்திலோ உரக் கிடங்கிலோ வேலை செய்பவரா நீங்கள்? கட்டிதட்டிய மூட்டையை அடிக்காதீர்கள், மேலதிகாரியிடம் சொல்லுங்கள். பக்கத்தில் வெல்டிங், டீசல், மரச்சட்டம் வேண்டாம். தீப்பிடித்தால் மூடி அணைக்க முடியாது, தனக்கு வேண்டிய ஆக்சிஜனை இந்த உப்பே வைத்திருக்கிறது. ஏராளமான தண்ணீர்தான் வழி. அதையும் தீ சின்னதாக இருக்கும்போதே செய்ய வேண்டும். செம்பழுப்புப் புகை தெரிந்தாலோ, தீ சரக்கையே பிடித்துவிட்டாலோ அணைக்கிற எண்ணத்தை விட்டு, காற்று வரும் திசையை நோக்கி வெகுதூரம் விலகுங்கள். பெய்ரூட்டிலும் முதலில் தீ, பிறகுதான் வெடிப்பு. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களும் இறந்தவர்களில் உண்டு.

வீட்டில் இருப்பவர் கவனிக்க வேண்டியது பிளீச்சிங் பவுடரை. வெயிலிலும் ஈரத்திலும் அது சிதைந்து குளோரின் விடும். மழைக்காலத்துக்கென்று வாங்கியதை மண்ணெண்ணெய், கழிப்பறை ஆசிட் பக்கத்தில் வைக்காமல், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

எந்த ரசாயன உப்பைக் கையாண்டாலும் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதன் 5-ஆம் பகுதி தீயை எப்படி அணைப்பது என்று சொல்லும். 9-ஆம் பகுதியில் உருகுநிலை இருக்கும். சிதைவு பற்றி 10-ஆம் பகுதியில் பாருங்கள். கன்டெய்னரின் மேல் 1942 அல்லது 2067 என்ற நான்கு இலக்க எண் இருந்தால் உள்ளே இருப்பது அம்மோனியம் நைட்ரேட். 101-க்கோ 112-க்கோ பேச நேர்ந்தால் இடத்தோடு அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.